பிளாஸ்டிக் சமாதானம்

போரோ, கமோட்டெஸ் தீவு
2 பிப்ரவரி 1989

பேரன்புக்கும் பெரும் பயத்துக்கும் உரிய லுடி அக்காவுக்கு,

கனத்த இதயத்துடனும் காலி வயிற்றுடனும் தெரிவித்துக்கொள்வது: நம் வீட்டுப் பெரிய சோற்றுப் பானையின் அலுமினிய மூடி நேற்று மாலை அகால மரணம் அடைந்தது. அன்னாருக்கு வயது பதினாறு, என்னைவிட ஒரு வயது மூத்தவர். கைப்பிடி சம்பவ இடத்திலேயே பிரிந்தது. உடல் பக்கத்து வீட்டுப் பாசிங் சித்தியின் கோழிக்கூண்டின் மேல் கண்டெடுக்கப்பட்டது. கோழிகள் நலம். அன்னாரின் பொறுப்பைத் தற்காலிகமாக ஒரு வாழை இலை ஏற்றுக்கொண்டுள்ளது.

நீ செபுவுக்குத் தையல் வேலைக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது. எத்தனை ஆட்டங்களைத் தவறவிட்டுவிட்டாய்! ஆகவே நேற்றைய ஆட்டத்தின் வர்ணனை.

அப்பா மாலைக் கள் இறக்கிவிட்டு வந்தார். மூங்கில் குழாயைக் கழுவிக் கவிழ்த்தார், கால் கழுவினார், ரேடியோவைத் திருகினார். அம்மா அடுப்படியில் மீன் சுட்டுக்கொண்டிருந்தாள். நான் வாசலில் சேவலுக்கு ஈர்க்குச்சியால் தலை வாரிக்கொண்டிருந்தேன். அப்பா மெதுவாக ஏதோ கேட்டார். அவர் குரல்தான் உனக்குத் தெரியுமே, தேவாலயத்தில் பாடினால்கூட முன்வரிசைக்கு மட்டும்தான் கேட்கும். அடுத்த நிமிடம் தட்டு! அப்புறம் கரண்டி! அப்புறம் அமரர் மூடி! நம் வீட்டு நாடகத்தில் பாத்திரமெல்லாம் அம்மா கையில்தான், அதனால் முக்கியப் பாத்திரமும் அவள்தான்.

ஆனால் அவள் குறி இருக்கிறதே, அக்கா, அதை வைத்துக்கொண்டு மரத்தடியில் கிடக்கிற மாங்காயைக்கூட அடிக்க முடியாது. அப்பா நிற்பது கதவுப் பக்கம். தட்டு போவது எதிர்ப்பக்கச் சன்னலுக்கு. மூன்றடி தள்ளி நிற்கிற மனிதர்மேல் ஓர் அடியும் படவில்லை!

தெருவே கூடிவிட்டது. பாசிங் சித்தி அகப்பையும் கையுமாகப் படியேறி வந்தாள்.

"என்னடி கொன்சிங், இன்னிக்குக் கச்சேரி சீக்கிரமே ஆரம்பிச்சிட்டே?"

அம்மா மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். அப்பாதான் சிரித்தார். "ஒண்ணுமில்ல அக்கா. அவளுக்குக் கொஞ்சம் கோவம். நான்தான் ஏதாவது தப்பாப் பேசியிருப்பேன்."

"பாவம் தியோடுலோ" என்று தெரு உருகியது. குடிக்காத கள்ளிறக்கி, அதட்டாத புருஷன். தட்டுத் தட்டாகப் பறக்கிறது, தட்டிக் கேட்கத்தான் ஆளில்லை.

பள்ளியில் அம்மாவுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள்: அலுமினிய மழை. நான் வகுப்புக்குள் நுழைந்தால் பெஞ்சில் அளவுகோலால் 'டங் டங்' என்று தட்டுகிறார்கள். ஊரையே கேலி செய்கிறவன் நான். என்னை ஊர் கேலி செய்தால் தொழில் என்ன ஆவது? எனவே ரகசியமாக ஒரு போர்நிறுத்தத் திட்டம் தயாராகிறது. காத்திரு.

இப்படிக்கு,
எலிசேயோ
(சுருக்கினால் எலி, விரித்தால் புலி)

*

செபு
7 பிப்ரவரி 1989

எலி,

உன் கடிதத்தைக் கடையிலேயே பிரித்தேன். கோழிகள் நலம் என்ற இடத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். முதலாளியம்மா நிமிர்ந்து பார்த்தார். அதற்குப் பிறகு வந்ததைப் படித்துவிட்டுத் துணி மடிக்கிற அறையில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அம்மாவை மழை என்று எவன் சொன்னாலும் நீ சிரிக்காதே. நீ சிரித்தால்தான் அவர்கள் சொல்வார்கள்.

சில கேள்விகள். விளையாடாமல் பதில் எழுது. சத்தம் கேட்டதும் பாசிங் சித்தி உடனே வந்தாளா? ஒவ்வொரு தடவையும் வருகிறாளா? சித்தி ஊரில் இல்லாத நாளில் என்ன நடக்கிறது? அம்மாவின் வலது கை மணிக்கட்டு எப்படி இருக்கிறது?

இன்னொன்று எழுத வந்தேன். எழுதி எழுதி அடித்துவிட்டேன், அந்தக் கறுப்புப் பட்டைகள் அதுதான். காகிதத்தில் சொல்கிற விஷயம் இல்லை. கிறிஸ்துமஸுக்கு வரும்போது உன்னை அலையாத்திக் காட்டுப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்கிறேன். எனக்கு அது பன்னிரண்டு வயதிலேயே தெரியும். உன்னைச் சின்னப் பிள்ளையாகவே விட்டுவிட்டு வந்தேன், அது என் தவறா என்று தெரியவில்லை.

அதுவரை எதையும் சரிசெய்யாதே. உன் போர்நிறுத்தம் வேண்டாம். புரிகிறதா?

இங்கே கால்சட்டை தைக்கிற ரெனாட்டோ என்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்கிறார். இதுவரை ஒருதரம்கூடக் குரலை உயர்த்தியதில்லை என்று எல்லோரும் அவரை மெச்சுகிறார்கள். எனக்கு அதனாலேயே முடியாது என்று தோன்றுகிறது. இதை உனக்கு ஏன் எழுதுகிறேன்.

லுடி

*

போரோ
23 பிப்ரவரி 1989

சமாதானத் தூதுவன் எலிசேயோவின் அக்கா என்று இனிமேல் பெருமைப்படப் போகிற லுடி அவர்களுக்கு,

உன் கடிதத்தைப் படகுக்கார கார்டிங் மாமா சட்டைப்பையிலேயே வைத்துத் துவைத்து, காயவைத்து, நேற்றுதான் கொடுத்தார். கறுப்புப் பட்டை எது, கடல் தண்ணீர் எது என்று தெரியவில்லை. பரவாயில்லை. நீ தடுப்பதற்கு முன்பே நான் முடித்துவிட்டேன்!

யோசனைக்கு விதை போட்டவர் அப்பா. ஒருநாள் கத்தி தீட்டிக்கொண்டே சொன்னார்: "தம்பி, அந்தத் தகரமெல்லாம் இல்லாட்டி உங்கம்மா தங்கமான பொம்பளைடா." எனக்குப் பொறி தட்டியது. பழைய ஈயம் பித்தளைக்குப் பிளாஸ்டிக் சாமான் கொடுக்கிற தள்ளுவண்டிக்காரன் துறைக்கு வந்திருந்தான். அம்மா சந்தைக்குப் போன நேரம் பார்த்து, பானை, மூடி, தட்டு, கரண்டி, குளிக்கிற வாளி, எல்லாவற்றையும் சாக்கில் கட்டிக்கொண்டு போய் மாற்றிவிட்டேன். இப்போது நம் வீட்டில் பச்சைத் தட்டு, மஞ்சள் குவளை, ரோஜா நிற வாளி. சமைக்க மட்டும் மண்சட்டி. எறிந்து பார்த்தேன்: பச்சைத் தட்டு விழும்போது தவளை தும்மின மாதிரி 'தொப்' என்கிறது, அவ்வளவுதான். படியைத் தாண்டிக் கேட்காது.

அம்மா வந்து பார்த்தாள். கத்துவாள் என்று கதவோரம் ஓடத் தயாராக நின்றேன். கத்தவில்லை.

"எல்லாத்தையுமா குடுத்துட்டே?"

"எல்லாத்தையும்தான்."

"ஒண்ணுகூட வைக்கலியா?"

"ஒரு ஸ்பூன்கூட இல்லம்மா!"

அப்படியே மூங்கில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆனந்த அதிர்ச்சி.

அன்றிலிருந்து வீடு தேவாலயம் மாதிரி இருக்கிறது. அம்மா எதையும் எறிவதில்லை. சொன்னால் நம்பமாட்டாய், பேசுவதே குறைவு. இந்தப் புழுக்கத்தில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்கிறாள், கேட்டால் கொசு என்கிறாள். சோற்றை ஒரு பக்கமாகவே மெல்லுகிறாள், அவ்வளவு நிதானம். அப்பா மாலையில் காற்று வருகிறது என்று சன்னல்களைச் சாத்திவிட்டு ரேடியோவைப் பெரிதாக வைக்கிறார். என்னிடம் ரொம்பப் பிரியம். "நீ வெளியில போய் விளையாடு தம்பி" என்கிறார். பரீட்சை நேரத்தில் எந்த அப்பா சொல்வார்?

பாசிங் சித்தி நேற்று வேலிமேல் எட்டிப் பார்த்தாள். "டேய் எலி, உங்கம்மா உயிரோடதான் இருக்காளா? சத்தத்தையே காணோமே!"

"சமாதானம் சித்தி, சமாதானம்!"

"ஐயோ, எனக்குப் பொழுதே போகலடா" என்று சிரித்தாள். ஊர்த்தலைவர் என் முதுகில் தட்டி, "நான் மூணு வருஷமாப் பஞ்சாயத்துப் பண்ணி முடியாததை முடிச்சிட்டியேடா" என்றார். பள்ளியில் அளவுகோல்கள் கோடு போடத் திரும்பிவிட்டன.

பரிசுகளைக் கார்டிங் மாமா மூலம் அனுப்பவும். தின்னக் கூடியதாக இருந்தால் நலம்.

தூதுவன்

*

செபு, துறைமுகம்
24 பிப்ரவரி 1989

எலி,

கார்டிங் மாமாவை நிற்கவைத்துவிட்டு அரிசி மூட்டையின் மேல் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். அவசரக் கிறுக்கல், எழுத்துக் கூட்டிப் படி.

மடையா. அவை ஆயுதம் இல்லை. அவைதான் அவளுக்கு மணி.

யோசித்துப் பார். ஒரு தட்டாவது அப்பாமேல் பட்டிருக்கிறதா? பதினாறு வருடமாக எறிகிறவளுக்கு ஒரு தடவைகூடவா தவறிப்போய் அவர்மேல் படாது? அவள் எறிந்தது அப்பாவை நோக்கி இல்லை. பாசிங் சித்தியின் வீட்டை நோக்கி. எனக்குப் பன்னிரண்டு வயதில் அம்மா சொல்லிக்கொடுத்தாள்: "தட்டு விழுந்தா நீ திரும்பிப் பாக்காத. ஓடிப்போய் பாசிங்கைக் கூட்டியா." சித்திக்கும் காரணம் தெரியாது. அவள் வேடிக்கை பார்க்கத்தான் வந்தாள். யாராவது படியேறினால் அப்பா கையை எடுத்துவிடுவார், அது போதும் அம்மாவுக்கு.

அவர் கத்த மாட்டார். சன்னலைச் சாத்துவார், ரேடியோவை வைப்பார். அவள் கையைப் பின்னால் முறுக்கி, முகத்தை அரிசிச் சாக்கில் அழுத்துவார். அழுத்திக்கொண்டே மெதுவாகப் பேசுவார். நான் பார்த்திருக்கிறேன். முழுக்கைச் சட்டை கொசுவுக்கு இல்லை. ஒரு பக்கமாக மெல்லுவது நிதானம் இல்லை.

பதினேழு வயதில் அம்மாவை ஊர்த்தலைவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் இரண்டு பேரையும் எதிரெதிரே உட்காரவைத்தார். "ரெண்டு பேர்கிட்டயும் தப்பு இருக்கு. அவன் பேசறான், இவ எறியறா. கை குடுத்துக்கங்க" என்றார். அப்பா கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். தெருவைத் தொந்தரவு செய்ததற்காக அம்மாவையும் கேட்கவைத்தார்கள். வீட்டுக்குப் போனதும் நடந்ததை எழுத மாட்டேன். அதன் பிறகுதான் நான் இங்கே வந்தேன். ஓடிவந்தேன் என்று சொல், அதுவும் சரிதான்.

இதே படகில் நானே ஏறிவிடலாம். ஆனால் என்னைத் துறையில் பார்த்த நிமிடத்திலிருந்து அவர் அம்மாவைக் கண்ணைவிட்டு விடமாட்டார். அதனால் நீ செய். செவ்வாய்க்கிழமை விடியற்காலை அவர் மரமேறப் போனதும் அம்மாவைக் கார்டிங் மாமாவின் படகில் ஏற்று. நான் துறைமுகத்தில் நிற்பேன். அதற்கு முன்னால், இன்றைக்கே, பாசிங் சித்தியிடம் எல்லாவற்றையும் சொல். இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிட்டாலும் சரி. அவள் காதை அந்த வீட்டுப் பக்கம் வைத்திருக்கட்டும்.

வீரம் எதுவும் காட்டாதே. சித்தியிடம் சொல். அது போதும்.

லுடி

*

போரோ
27 பிப்ரவரி 1989

லுடி,

உன் கடிதத்தைப் படித்ததும் கிழிக்கப் போனேன். பொய் என்று நினைத்தேன். இரண்டு வருடம் வராதவள், ஒரு காகிதத்தில் அப்பாவைப் பேயாக்கிவிட்டாள் என்று நினைத்தேன். அப்பா எனக்குக் காற்றாடி கட்டிக்கொடுத்தவர். அப்பா என்னை ஒரு தடவைகூட அடித்ததில்லை.

அப்புறம் அடுப்படிக்குப் போய் நின்றேன். வீட்டில் யாரும் இல்லை. சன்னல் சட்டம் முழுக்கப் பள்ளம் பள்ளமாக இருக்கிறது. சன்னலுக்கு அந்தப்பக்கம் சித்தியின் தகரச் சுவர், அதிலும் பள்ளம். அப்பா நிற்கிற பக்கம் போய்ப் பார்த்தேன். சுவரைத் தடவிக்கூடப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. நான் இதை ஆட்டம் என்று வர்ணித்துக்கொண்டிருந்தேன், அக்கா.

அம்மா துணி காயப்போடும்போது கேட்டேன். "கையைக் காட்டும்மா." காட்டமாட்டேன் என்றாள். நானே சட்டைக்கையைத் தள்ளினேன். ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரிந்தது.

"எனக்கு ஏம்மா சொல்லல?"

"நீ சிரிச்சிக்கிட்டிருந்தே" என்றாள். "ஒருத்தராவது இந்த வீட்டுல சிரிக்கட்டும்னு விட்டுட்டேன்."

அவர் பாடுகிறார், குளிக்கும்போது. எப்போதும் பாடுவதுதான். இப்போது கேட்டால் எழுந்து தெருவுக்குப் போய்விடுகிறேன்.

நாளைக்கு வரமாட்டேன் என்கிறாள் அம்மா. வியாழக்கிழமையோடு என் பரீட்சை முடிகிறது, வெள்ளிக்கிழமைப் படகில் வருகிறேன் என்கிறாள். எவ்வளவு கெஞ்சியும் நகரவில்லை.

நீ கவலைப்படாதே. பாசிங் சித்தியிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். அவள் உலக்கையைக் கதவருகிலேயே வைத்திருக்கிறாள். நானும் இருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் அவர் ஏதாவது செய்தால் இந்தப் புலியைத் தாண்டித்தான் செய்யவேண்டும்.

எலி

*

செபு
28 பிப்ரவரி 1989

எலி,

வெள்ளிக்கிழமை. அதற்குமேல் ஒரு நாளும் இல்லை என்று அம்மாவிடம் சொல்.

மடையா என்று எழுதியதற்கு மன்னித்துவிடு. தெரியாமல் செய்தாய். தெரியவிடாமல் வைத்தது நாங்கள்.

சித்தியிடம் சொல்லிவிட்டாய் என்ற வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். இனிமேல்தான் எனக்குத் தூக்கம் வரும்.

லுடி

*

போரோ
3 மார்ச் 1989, விடியற்காலை

அன்புள்ள லுடி அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை அம்மாவே கொண்டுவருகிறாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பதால், வந்ததும் வாசித்துக் காட்டச் சொல்லுவாள். கணீரென்று வாசி.

நேற்று மாலை அப்பா சீக்கிரமே மரத்திலிருந்து இறங்கிவிட்டார். பாய்க்குள் சுருட்டி வைத்திருந்த அம்மாவின் துணிமூட்டையைக் கண்டுபிடித்துவிட்டார். சன்னலைச் சாத்தினார். ரேடியோவைத் திருகினார். நான் பரீட்சை முடிந்து வந்தவன், வாசலிலிருந்தே நிலைமையைப் புரிந்துகொண்டேன். ஒரே உதை! கதவு சுவரில் மோதியது. "அப்பா, கையை எடு!" என்று நான் போட்ட சத்தத்தில் தென்னை மரத்துக் காக்கையெல்லாம் பறந்தது. அப்பா வெலவெலத்துப் போனார். பாசிங் சித்தி உலக்கையோடு பாய்ந்து வந்தாள். நான் அம்மாவின் கையைப் பிடித்து, தெரு முழுக்கப் பார்க்க, சித்தி வீட்டுக்கு அழைத்துப் போனேன்.

இதற்குமேல் அம்மாவுக்கு வாசிக்காதே.

அக்கா, கதவை நான் உதைக்கவில்லை.

நான் உள்ளே வந்தபோது கதவு திறந்துதான் இருந்தது. அப்பா அம்மாவின் கையை முறுக்கிப் பிடித்திருந்தார். சாக்கு பக்கத்தில் இருந்தது. நீ எழுதிய அதேபோல், ஒன்றுகூட மாறவில்லை. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமே இல்லை முகத்தில். "தம்பி, கதவைச் சாத்திட்டு வெளியில இருடா, காத்து வருது" என்றார். காற்றாடி கட்டிக்கொடுக்கும்போது பேசுகிற அதே குரல்.

சாத்தினேன்.

எல்லாம் தெரிந்த பிறகு சாத்தினேன், அக்கா. வெளியே நின்று தாழ்ப்பாளைக் கையால் பிடித்துக்கொண்டுகூட இருந்தேன். சத்தம் போட வாயைத் திறந்தேன். ஊரையே வாயாலே ஆட்டிவைக்கிறவன் நான். காற்றுதான் வந்தது. கால்சட்டை நனைந்துவிட்டது, அதையும் எழுதிவிடுகிறேன்.

இன்னொன்று. சித்தியிடம் சொல்லிவிட்டேன் என்று எழுதினேனே, சொல்லவில்லை. போனேன். சொல்லத்தான் போனேன். அவள் "என்னடா எலி?" என்றதும், "கொஞ்சம் உப்பு" என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாளும் போனேன், மறுபடியும் உப்பு. அதற்கடுத்த நாளும் உப்பு.

சித்தி நேற்று வந்தது அதனால்தான். "என்னடா, தினம் தினம் உப்பு வாங்கறே, உங்கம்மா அடுப்பே மூட்டின மாதிரி தெரியல, என்ன நடக்குது அங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். உலக்கை எல்லாம் இல்லை, வெறுங்கை. நான் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு அழுவதைப் பார்த்தாள். என்னை ஒரு கையால் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்தாள்.

அப்புறம் அவள் போட்ட சத்தத்தில்தான் காக்கை பறந்தது.

அப்பா உடனே கையை எடுத்துவிட்டுச் சிரித்தார். "சும்மா பேசிக்கிட்டிருந்தோம் அக்கா" என்றார். அம்மாவின் முகம் முழுக்கச் சாக்கின் வரிகள் பதிந்திருந்தன. ஊர்த்தலைவர் வந்து, "ரெண்டு பேரும் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தார். சித்தி விடவில்லை. "இவ சத்தம் போட்டப்பவும் ரெண்டு பேரும்னீங்க. இப்பச் சத்தமே இல்ல. இப்ப யாரு தலைவரே அந்த ரெண்டாவது ஆளு?" தலைவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

அம்மா சித்தி வீட்டில் படுத்தாள். எனக்கும் அங்கேதான் பாய், அம்மா போன பிறகும் அங்கேதான். இப்போது துறைக்கு வந்துவிட்டோம். சித்தி உன்னிடம் கொடுக்கச் சொல்லி வாழைப்பழச் சீப்பு கட்டுகிறாள். நான் கயிற்றுக் குவியலின் மேல் உட்கார்ந்து இதை முடித்துக்கொண்டிருக்கிறேன்.

சற்று முன்னால் அம்மா கார்டிங் மாமாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "என் பையன்தான் கதவைத் தொறந்தான். அவன் இல்லாட்டி நான் இல்ல." மாமா என் தோளில் தட்டினார். நான் தலையாட்டிவிட்டேன்.

ஆனால் கதவைச் சாத்தும்போது அவள் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், அக்கா. கதவு முழுக்க மூடுகிறவரைக்கும் பார்த்தாள். எல்லாம் தெரிந்துதான் ஊரெல்லாம் அப்படிச் சொல்லிக்கொண்டு வருகிறாள்.

எலிசேயோ